பத்தொன்பது பேர்

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் பாடக்கெட் என்றொரு சிறுநகர். அங்குதான் 1793இல் சாமுவேல் ஸ்லேட்டரின் நூற்பாலை எழுந்தது. காலப்போக்கில் ஆலைகள் ஓய்ந்தன. ஆனால் 1942இல் திறக்கப்பெற்ற மெக்காய் விளையாட்டரங்கில் பேஸ்பால் ஆட்டம் நிலைத்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸின் கிளை அணி 1970 முதல் அங்கே ஆடியது. நொடித்துப்போன அவ்வணியை 1977இல் துணித்தொழிலில் பொருளீட்டிய பென் மாண்டர் ஏற்று நிமிர்த்தினார்.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது 1981 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு. ஒன்பது சுற்றுகளில் முடியவேண்டிய ஆட்டம், ராச்செஸ்டர் அணியுடன் சமநிலையிலேயே நீண்டது. குளிர் தாளாத ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தனர். சஹர் வேளை எனத்தக்க அதிகாலை 4.07க்கு, 32ஆம் சுற்றோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது. அப்போது அரங்கில் எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேரே! ஜூன் 23இல் தொடர்ந்தபோது பதினெட்டே நிமிடங்களில் பாடக்கெட் 3–2 என வென்றது. அதனைக் காணத் திரண்டோர் ஆயிரக்கணக்கினர். நம் மதிப்போ அந்தப் பத்தொன்பதின்மருக்கே உரியது.

2010இல் மாண்டர் மறைந்தார். அரங்கச் செலவு குறித்துப் புதிய உரிமையாளர்க்கும் மாநில அரசுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. நியாயம் எவர் பக்கம் என அறுதியிட நாம் முற்படவில்லை. 2020இல் கொரோனாவால் ஆட்டப்பருவமே நடைபெறாதொழிந்தது. 2021இல் அணி அண்டை மாநிலத்து ஊஸ்டர் நகரில் ஆடத் தொடங்கிற்று. கைதட்டி விடைகொடுக்கப் பாடக்கெட் மக்களுக்கு ஓர் ஆட்டமேனும் வாய்க்கவில்லை.