கடைசிப் பாத்தி

இளநிலை வேதியியல், மூன்றாம் ஆண்டு

ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்த எவரும் அந்தப் பொங்கலை மறந்திருக்க மாட்டார்கள். கார்பனேட் உப்பின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டவுடன் குபுகுபுவென நுரைத்து எழுமே, அதைத்தான் சொல்கிறேன். தேர்வில் மதிப்பெண் தரும் அதே வினை, கடலடியிலிருந்து எண்ணெய் எடுக்கவும் உதவுகிறது என்று அறிந்தபோது வியந்து போனேன்.

எங்கள் பொட்டிபுரத்து மலை சார்னோகைட் என்னும் கடும்பாறை. இவ்வமிலத்துக்கு அது பொங்காது. ஆனால் மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், 1974-இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயலில் எண்ணெய் தங்கியிருப்பது சுண்ணாம்புப் பாறையில். அப்பாறையின் நுண்துளைகள் அடைபட்டால் எண்ணெய் வரத்து குறையும். அப்போது அமிலத்தைச் செலுத்துவார்கள். பாறை கரைந்து, கறையான் அரித்தாற்போல் நீண்ட வழிகள் திறக்கும்.

அமெரிக்காவில் 1896-லேயே ஹெர்மன் ஃபிராஷ் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அமிலம் இரும்புக் குழாயையும் அரிக்குமல்லவா? 1932-இல் அரிப்பைத் தடுக்கும் பொருளைக் கலந்து செலுத்திய பிறகே இம்முறை நிலைபெற்றது.

இன்றைய கிணறுகள் பல, பாறைக்குள் படுக்கையாகத் திரும்பி, வேர்களைப்போல் கிளை விடுகின்றன. 1953-இல் சோவியத் நாட்டின் பாஷ்கீரியாவில் கிரிகோரியான் என்னும் பொறியாளர் 9 கிளைகளுடன் ஒரு கிணறு தோண்டிக் காட்டினார். மும்பை ஹையிலும் 2000-க்குப் பின் இத்தகைய கிணறுகள் தோண்டப்பட்டன. சிக்கலும் இங்கேதான் எழுகிறது. அமிலம் எளிய வழியைத் தேடும். நுழைவாயிலில் உள்ள பாறையிலேயே வலிமையைச் செலவழித்துவிட்டு, கிளையின் நுனியை எட்டாமலே ஓய்ந்துவிடும்.

கோடையில் எங்கள் கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது. "மொதப் பாத்தியே எல்லாத்தையும் குடிச்சிட்டா கடைசிப் பாத்தி என்னடா செய்யும்? மடைய மாத்து!" என்று அம்மா வரப்பிலிருந்து சத்தம் போடுவார். ஒரு வெட்டு மண்ணைப் போட்டு முதல் மடையை அடைப்பேன். அந்த மண் விழாவிட்டால் கடைசிப் பாத்திக் கடலை கருகிவிடும். அவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணம் அதில்தான் இருந்தது.

எண்ணெய்ப் பொறியாளர்களும் மடைதான் மாற்றுகிறார்கள். குடித்த வழியைக் கூழ்போல் கெட்டியாகும் அமிலத்தாலோ நுரையாலோ சற்று நேரம் அடைத்து, அடுத்த பகுதிக்கு அமிலத்தைத் திருப்புகிறார்கள். சுருளாகச் சுற்றி வைத்த நீண்ட குழாயைக் கிளைக்குள் நுழைத்து, நுனியிலிருந்தே அமிலம் விடுவதும் உண்டு. அம்மா கையெழுத்துப் போடமட்டும் கற்றவர். அவர் அறிந்த நியாயம் அங்கும் செல்லுபடியாகிறது.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். முதல் வரிசைக்கு விளங்கிய பாடத்தைக் கடைசி வரிசைக்காக மீண்டும் ஒருமுறை நடத்திய பேராசிரியப் பெருமக்களால்தான் எனக்கும் வேதியியல் விளங்கிற்று. நாளை நாம் எப்பணிக்குச் சென்றாலும், மண்வெட்டி நம் கையில் இருக்கும்போது கடைசிப் பாத்தியை நினைப்போமாக.