அகமத்நகர் டாங்கியும் நிமஜ் கிராமத்துச் சிப்பாயும்

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஷீரடிக்குப் போகிறவர்கள் நிறைய. பாபாவைத் தரிசித்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இன்னும் எண்பது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே போனால், அதே மாவட்டத்தின் தலைநகரான அகமத்நகர். பெயரை இப்போது அகில்யாநகர் என்று மாற்றியிருக்கிறார்கள். 1942 முதல் 1945 வரை நேருவைச் சிறை வைத்திருந்த கோட்டை இங்கேதான் இருக்கிறது. ராணுவத்தின் டாங்கி மியூசியமும் இங்கேதான்.

1994-ல் திறந்த மியூசியம் இது. மரநிழலில் ஐம்பது வண்டிகள்போல நிற்கின்றன. ரோல்ஸ் ராய்ஸ் கவச கார், ஜப்பான் டாங்கி, பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பேட்டன் என்று பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். 'சர்ச்சில் மார்க் 7' அருகில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். 40 டன் எடை. முன்பக்க இரும்பின் கனமே 15 சென்டிமீட்டர்.

இரண்டாம் உலகப் போரில் இதே மாடலைத்தான் பிரிட்டிஷார் தீ உமிழும் டாங்கியாக மாற்றினார்கள். வைத்த பெயர் 'குரோக்கடைல்', அதாவது முதலை. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த மெஷின்கன்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெருப்புக் குழாயைப் பொருத்தினார்கள். மேலே பீரங்கி அப்படியே இருந்தது. பின்னால் கவசம் போட்ட ஒரு ட்ரெய்லர்; அதில் சுமார் 1,800 லிட்டர் எரிபொருள். சாதாரண பெட்ரோல் பறக்கும்போதே எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் கூழ்போலக் கெட்டியாக்கியிருந்தார்கள். நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் அது நூறு மீட்டர் தாண்டிப் பாய்ந்து, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். ஒரு ட்ரெய்லருக்கு ஒரு விநாடி வீச்சாக எண்பது முறை அடிக்கலாம். இந்த வண்டி வருவதைப் பார்த்ததுமே சரணடைந்தவர்கள் உண்டு. கொடூரமான ஆயுதம்தான், சந்தேகமில்லை.

1945 ஏப்ரல் 9, இத்தாலியின் செனியோ ஆறு. அணைப்பட்டியில் வைகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஆறாகவே தெரியாது, குறுகலான தண்ணீர். ஆனால், இருபுறமும் சமவெளிக்கு மேலே இருபதடிக்கும் அதிகமாக மண் கரைகள். அந்தக் கரைகளைக் குடைந்து ஜெர்மானியர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் விமானக் குண்டுகள், பிறகு பீரங்கிகள். சாயங்காலம் குரோக்கடைல்களும், 'வாஸ்ப்' என்ற சின்னத் தீ வண்டிகளும் ஊர்ந்து போய்க் கரையைக் கொளுத்தின. பின்னாலேயே 8-வது இந்திய டிவிஷன் இறங்கியது.

அவ்வளவு நெருப்புக்குப் பிறகும் மெஷின்கன்கள் ஓயவில்லை. மண்ணுக்குள் பதுங்கியவர்கள் தப்பித்திருந்தார்கள்.

மராட்டா ரெஜிமென்டில் தகவல் கொண்டு ஓடும் சிப்பாய் நாம்தேவ் ஜாதவ். உடன் போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விழுந்துவிட்டார்கள். காயம்பட்ட இருவரைத் தண்ணீரிலும் செங்குத்துக் கரையிலும் கண்ணிவெடிகளுக்கு நடுவிலும் தூக்கி வந்து சேர்த்தார். அதோடு நிற்கவில்லை. திரும்பிப் போய் மூன்று மெஷின்கன் நிலைகளை ஒழித்தார். கடைசியில் கரை உச்சியில் ஏறி நின்று, மராட்டியப் போர்முழக்கம் எழுப்பி, மற்ற கம்பெனிகளைக் கையசைத்து அழைத்தார். அன்று அவருக்கு வயது 23. அதே நாளில் அதே ஆற்றில் வீரம் காட்டிய அலி ஹைதருக்கும், இவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

ஜாதவின் சொந்த ஊர் நிமஜ். இந்த அகமத்நகர் மாவட்டத்துக் கிராமம்தான். நேருவைச் சிறை வைத்த அரசுக்காக இந்த மாவட்டத்துப் பிள்ளை ஏழு கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். காலம் அப்படி. 1984-ல் அவர் காலமானார்.

மியூசியத்தில் விஜயந்தா டாங்கியையும் தேடிப் பாருங்கள். நம் ஆவடியில் 1965-ல் முதன்முதலாக வெளிவந்த ரகம் அது. ராணுவப் பகுதி என்பதால், அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.