யாரும் விடாத மீன்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் மீன் கூடைகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால் புரட்டாசியிலும் எங்கள் கறிக்கடைகள் முழுதாக ஓய்வதில்லை. ஆனாலும் ஒரு மாதம் விரதம் இருந்த வீடுகள் திரும்பி வரும்போது மீனுக்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. பெரும்பாலும் அதே நாட்களில்தான் கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மழை பிடிக்கும். அங்கே பெய்தது வசிஷ்ட நதியாகவும் சுவேத நதியாகவும் இறங்கி, ஒன்றாகி, வெள்ளாறாகத் தொழுதூர் அணைக்கட்டுக்கு வந்து சேரும். அங்கிருந்து கால்வாய் வழியாக வெலிங்டன் ஏரிக்குள் புதுத்தண்ணீர் நுழைகிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அது கெளுத்தி பிடிக்கும் காலம்.

தூண்டிலோடு நான் தனியாகத்தான் போவேன். இருட்டோடு வண்டியை எடுத்து விருத்தாசலம் மணிமுக்தாற்றுப் பாலத்தில் கொஞ்சம் நிறுத்திக் கீழே பார்ப்பது வழக்கம். மணிமுக்தாவும் கல்வராயன் மலையில் பிறந்த ஆறுதான். அதில் செம்மண் கரைந்து ஓடினால் வசிஷ்ட நதியிலும் தண்ணீர் வந்திருக்கும் என்று ஓரளவு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விருத்தாசலம் வரை முந்திரித் தோப்புகளின் சிவந்த மண். பெண்ணாடம் தாண்டித் திட்டக்குடி நெருங்க நெருங்க மண் கறுத்து, வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளத் தொடங்கும். கீழ்ச்செருவாயில் கரை ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

இந்த ஏரியைக் கட்டும் வேலை 1913-இல் தொடங்கி 1923-இல் முடிந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஊர் வாயில் அது வெலிங்டனாக நிலைத்துவிட்டது. முழுக் கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி. வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடிதான். ஆனால் வீராணத்தைத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட வெலிங்டனைத் தெரியாது. சோழர் வரலாறும் சென்னையின் குடிநீரும் வீராணத்துக்குப் பெயர் வாங்கித் தந்தன. வெலிங்டனுக்கு இருப்பது திட்டக்குடி, விருத்தாசலம் வட்டங்களின் சுமார் 24,000 ஏக்கர் நிலமும் அதை நம்பிய சம்சாரிகளும். முழு நீர்மட்டம் 29.72 அடி என்றாலும் கரை உள்வாங்கும் தொல்லை இந்த ஏரிக்கு நெடுநாளாக உண்டு. அதனால் வாசலுக்கு வந்த தண்ணீரை முழுதாகப் பிடித்துவைக்க முடியாத வருஷங்கள் இருந்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விவசாயியின் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

தனியாகப் போவதற்குக் காரணம் உண்டு. கெளுத்திக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. அதன் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே சின்னச் சின்ன எலும்புகள் கோத்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரில் எழும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கி, அந்த எலும்புகள் வழியே காதுக்கு அனுப்பிவிடும். கரையில் நாலு பேர் நடந்து, பேசி, பாத்திரத்தை நகர்த்தினால் சங்கதி கீழே போய்விடுகிறது. ஒரே ஆளாகப் போய், ஒரே இடத்தில் உட்கார்ந்து, கால் மரத்துப்போனாலும் எழாமல் இருப்பவனுக்குத்தான் அது கிட்டே வரும். இந்த மீனைப் பிடிக்கப் போய்தான் எனக்கு அசையாமல் உட்காரும் பழக்கமே வந்தது.

கால்வாய்த் தண்ணீர் ஏரிக்குள் விரியும் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கருவேல மரங்கள் முழங்கால் நீரில் நிற்கும் ஓரமாகப் பார்த்து உட்காருவேன். மூங்கில் கழி, தங்கூசி, சின்ன ஈயக்குண்டு, நடுத்தர முள், அவ்வளவுதான் சரக்கு. ரோகுவுக்கு மைதா உருண்டை எடுபடும், கெளுத்திக்கு மண்புழு. வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் இடத்தில் தோண்டிய புழுவை ஈரமண்ணோடு கொண்டுவந்திருப்பேன். முள்ளின் முனை தெரியாமல் கோத்து, வால் மட்டும் நெளிகிறபடி விட வேண்டும். இரை தரையில் கிடக்க வேண்டும் என்பதால் தக்கை கட்டுவதில்லை. தங்கூசியை ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டு, விரலாலேயே கேட்டுக்கொண்டிருப்பேன்.

புதுத்தண்ணீரில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அந்தக் கலங்கலில்தான் கெளுத்தி சவுகரியமாக மேய்கிறது. வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை; அவற்றில் சுவை அறியும் மொட்டுகள். உடம்புத் தோலிலும் அவை உண்டு. தரையைத் தடவிக்கொண்டே போகும்போது புழு கிடக்கும் திசை அதற்குச் சுவையாகவே தெரிந்துவிடுகிறது. முதலில் விரலில் வருவது ஒரு சின்னக் கொத்து. உடனே சுண்டினால் வெறும் முள்தான் வரும். இரண்டாவது, மூன்றாவது கொத்து. பிறகு தங்கூசி தானாகப் பக்கவாட்டில் நகரும், கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல ஒரே சீராக. அப்போது கழியை உயர்த்தினால் போதும்.

கரைக்கு வந்ததும் அவசரப்படக் கூடாது. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூன்றையும் விறைத்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். செத்தாலும் சில நேரம் மடங்காது. பக்க முட்களின் உள்விளிம்பில் ரம்பம் போலப் பற்கள். குத்தினால் தோள்வரை கடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும், முள்ளின் நஞ்சு சூட்டில் சிதைவது என்பதால். பெருவிரலை ஒரு பக்க முள்ளுக்குப் பின்னாலும் நடுவிரலை மறுபக்க முள்ளுக்குப் பின்னாலும் கொடுத்து, உள்ளங்கையை வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தவுடன் அது கத்தும். பக்க முள்ளின் அடிப்பகுதி எலும்புக் குழியில் உரசி எழும் கரகரப்பு அது. காதால் கேட்பதற்கு முன் உள்ளங்கை அதை உணர்ந்துவிடும். மஞ்சள் கலந்த வெள்ளி உடம்பு, செதில் கிடையாது, வாலுக்கு முன்னால் முதுகில் ஒரு சின்னக் கொழுப்புத் துடுப்பு. கை நீளத்தில் பாதிகூட இல்லாத அந்த உயிர் தன் எதிர்ப்பைக் குரல் கொடுத்தே சொல்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது பழகவில்லை.

வெயில் ஏறும் முன் வலைக்காரர் ஒருவர் பரிசலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாக வருவார். மீன்பிடி உரிமை ஒருவர் கையில் இருக்கும் ஏரியில் தூண்டில் போடுகிறவனும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவதுதான் முறை. கேட்டிருக்கிறேன், அவரும் மறுத்ததில்லை.

“என்னா சார், மாட்டுதா?”

“ஒண்ணு ரெண்டு வருதுண்ணே.”

“தண்ணி இப்பத்தான வந்துருக்கு. ரெண்டு நாளு போவட்டும், கெளுத்தி நல்லா ஓடும். நம்ம வலைக்கு அது வேணாம் சார். முள்ளு மாட்டிக்கிட்டு எடுக்கறதுக்குள்ள வலயே கந்தலாப் பூடும்.”

அவருக்கு வேண்டியது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் கெண்டைகள். குஞ்சாகக் கொண்டுவந்து நம் நீர்த்தேக்கங்களில் விடப்படுபவை. ஜிலேபியும் அந்நியம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நுழையாத குளம் கிடையாது. இன்று ஏரி மீன் என்று நாம் வாங்குவதில் பெரும்பங்கு மனிதர் விட்ட மீன். கெளுத்தியை யாரும் விடவில்லை. கோடையில் ஏரி வற்றும்போது நடுப்பள்ளத்து நீரிலும் வெள்ளாற்று மடுக்களிலும் ஒதுங்கி உயிர் பிழைத்துக் கிடந்தது, புதுவெள்ளம் வந்ததும் அதை எதிர்த்து ஏறி, ஓடைகளிலும் நெல்வயல்களின் தேங்குநீரிலும் முட்டையிட்டுப் பெருகித் தானாக வருகிறது. தண்ணீருக்கு அடிக் கணக்கு எழுதுகிறோம், கெண்டைக் குஞ்சுக்கு லட்சக் கணக்கு எழுதுகிறோம். இதற்கு ஒரு கணக்கிலும் வரி இல்லை. கணக்கில் இல்லாதது குறைந்தால் குறைந்தது யாருக்கும் தெரியாது. என் கவலை அதுதான்.

அது வருகிற வழியைத்தான் நாம் அடைக்கிறோம். ஓடை தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, வயலுக்கும் ஏரிக்கும் இருந்த தொடர்பு அறுந்தால் முட்டையிட இடம் கிடையாது. வயலில் தெளிக்கிற பூச்சிமருந்து, புழுவையும் பூச்சிக் குஞ்சையும் தின்று வாழும் மீனின் சோற்றிலேயே கை வைக்கிறது. தூர்வாருவது என்றால் ஏரியின் நடுவில் மண் எடுப்பதாக மட்டும் இருக்கக் கூடாது. ஏரிக்கு வரும் ஓடைகளையும் சேர்த்துச் செய்தால் நெல்லுக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

இன்னொரு கெளுத்தியும் இப்போது சந்தையில் இருக்கிறது: ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்தது. ஆனாலும் குட்டைகளில் கோழிக்கழிவைக் கொட்டி வளர்ப்பதும், அதிகாரிகள் பிடித்து அழிப்பதும் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன. அகலமாகத் தட்டிய தலை. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரே பட்டையாக ஓடும். கொழுப்புத் துடுப்பு இருக்காது. காற்றையும் சுவாசிக்கும் என்பதால் நாறிய தண்ணீரிலும் சாகாது, எதிரில் வந்த மீனையெல்லாம் தின்னும். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுபோல் ஒரு மழையில் ஒரு குட்டை உடைந்தால் போதும், அந்த மீன் ஓடைக்கும் ஓடையிலிருந்து ஏரிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மலிவு என்று வாங்குகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை; தலையையும் துடுப்பையும் காட்டி எடுத்துச் சொல்வேன். தூண்டிலில் அது மாட்டினால் எக்காரணம் கொண்டும் மறுபடி தண்ணீரில் விடக் கூடாது.

பெரிய வாளையைப் பற்றி அந்த வலைக்காரர் பேசும்போது இரண்டு கையையும் அகல விரிப்பார். இதுவும் மீசை வைத்த இனம்தான், நம் ஆறுகளின் சொந்த மீன். உலக அளவில் அருகிவரும் உயிர்களைப் பட்டியலிடும் ஐயுசிஎன், வாளையையும் அதில் சேர்த்திருக்கிறது. விரித்த அந்தக் கைகளின் அளவுக்கு ஒரு வாளையை நான் வெலிங்டனில் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்பது மணி வெயிலுக்கு மேல் கெளுத்தி இரை எடுப்பது குறைந்துவிடும். குட்டியாக மாட்டியதையும் வயிறு உப்பி முட்டையோடு இருப்பதையும் அப்போதைக்கப்போதே விட்டுவிடுவதால் பை கனமாக இருக்காது. வீட்டுக்கு வந்ததும் முட்களைக் கத்தரியால் நறுக்கி, அடுப்புச் சாம்பல் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வழவழப்புப் போய்த் தோல் வெளுக்கும். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, பூண்டு நிறையத் தட்டிப்போட்டு, குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகே மீனைப் போட வேண்டும். சதை மெத்து, அதிக நேரம் அடுப்பில் இருந்தால் உதிர்ந்துவிடும். நடுமுள் ஒன்றுதான் பெரிது என்பதால் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் ஊட்டலாம். அன்றைக்குச் சட்டியை யாரும் திறக்கக் கூடாது. மறுநாள் காலையில் பழைய சோற்றோடு அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்களிடம், இந்த மீன் ஏரியில் இருந்தாக வேண்டும் என்பதற்கு நான் வேறு வாதம் எதுவும் வைத்ததில்லை.