தூதர் இல்லாத தீவும் ஸ்ரீபெரும்புதூரும்

புதிய தூதர் ஒருவர் பொறுப்பேற்றால் மறுநாள் பேப்பரில் ஒரு வரி தவறாமல் வரும். "இரு நாடுகளுக்கும் இடையிலான நட்புறவு மேலும் வலுப்படும்." எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் இதே வரிதான்! பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. படிக்கிறவர்களும் அடுத்த நிமிஷம் கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரைக்கும் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்தால், அந்த வரிக்கு உண்மையிலேயே ஓர் அர்த்தம் இருப்பது தெரியும். சாலையின் இருபுறமும் கம்பெனி போர்டுகள். கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தைவான் என்று உலக வரைபடமே வரிசையாக நிற்கும். இதில் ஜப்பானும் தைவானும் கடலுக்கு நடுவே இருக்கும் தீவு நாடுகள். இரண்டுமே இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம். இரண்டின் பணமும் இயந்திரமும் ஆட்களும் இந்தச் செம்மண்ணில் வந்து இறங்கியிருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானுக்கு டில்லியில் தூதரகம், சென்னையில் துணைத் தூதரகம் எல்லாம் இருக்கின்றன. தைவானுக்கு இந்தியாவில் தூதரே கிடையாது. இருக்கவும் முடியாது!

ஏன் முடியாது?

1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. தோற்றுப்போன சியாங் கை ஷேக்கின் அரசு தைவான் தீவுக்குப் போய்விட்டது. பெய்ஜிங் அரசை முதலில் அங்கீகரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1950 ஏப்ரல் 1ஆம் தேதி தூதரக உறவும் தொடங்கியது. பெய்ஜிங்கை அங்கீகரித்த நாடு தைவானைத் தனி நாடாக அங்கீகரிக்க முடியாது. எனவே 45 வருஷம் பெரிய உறவு எதுவும் இல்லை.

1995இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தியா தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' என்று ஒன்றைத் திறந்தது. தைவான் டில்லியில் 'தைபே பொருளாதார, கலாச்சார மையம்' என்று ஒன்றைத் திறந்தது. பெயர்களைக் கவனியுங்கள். சங்கம், மையம்! தூதரகம் என்ற சொல்லும் இல்லை, தைவான் என்ற சொல்லும் இல்லை. ஆனால் விசா வேலை முதல் வர்த்தகப் பேச்சு வரை தூதரகம் செய்வதையெல்லாம் அவை செய்கின்றன. 2012இல் சென்னையிலும் அந்த மையத்தின் கிளை வந்தது. 2024இல் மும்பையிலும் ஒன்று திறந்தபோது சீனா எதிர்ப்புத் தெரிவித்தது.

2025இல் டில்லி மையத்துக்குப் புதிய தலைவராக மூமின் சென் வந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர். முன்பு அதே மையத்தில் துணைப் பிரதிநிதியாக இருந்தவர். வேலை தூதர் வேலைதான், ஆனால் அதிகாரப்பூர்வப் பெயர் 'பிரதிநிதி'.

தொண்டைமானிடம் போன தூது

தூது என்பது தமிழருக்குப் புதிய விஷயமில்லை. திருக்குறளில் 69ஆவது அதிகாரமே தூதுதான். இந்த மண்ணுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் எல்லாம் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவைதானே!

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஆயுதங்கள் எல்லாம் நெய் பூசி, மாலை போட்டுப் பளபளப்பாக இருந்தன. ஔவையார் புகழ்வது போலவே பேசினார். உன் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். பளபளப்பு உபயோகத்தின் அடையாளம் இல்லை என்பதை ஒரு தூதர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

இன்றைய தூதர்களுக்கும் கொட்டில் காட்டும் வழக்கம் இருக்கிறது. பளபளக்கும் அசெம்ப்ளி லைன், வெள்ளைக் கோட்டு, பூங்கொத்து, குரூப் போட்டோ. பட்டறைப் பக்கம் யாரும் கூட்டிப் போவதில்லை.

தூதர் இருக்கும் தீவு

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். 1952இலேயே தூதரக உறவு வந்துவிட்டது. 2022 முதல் 2024 வரை இங்கே தூதராக இருந்த ஹிரோஷி சுசுகி, போகிற ஊர்களிலெல்லாம் தெருக்கடைச் சாப்பாட்டை ருசித்து வீடியோ போட்டுப் பிரபலமானவர். 2023இல் புனேயில் வடாபாவ் சாப்பிட்டதற்குப் பிரதமர் மோடியே பாராட்டிப் பதில் எழுதினார். நட்புக்குச் சாப்பாடு நல்ல வழி என்பதை அந்த மனிதர் புரிந்துவைத்திருந்தார்.

ஆனால் உறவு என்பது வடாபாவ் மட்டுமில்லை. 2011 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா-ஜப்பான் விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறந்தது. 2008இல் தமிழக அரசு ஒப்புக்கொண்ட சலுகைத் தொகை முழுதாக வரவில்லை என்று பின்னால் நிசான் சொன்னது. அந்த 2011 ஒப்பந்தத்தைக் காட்டித்தான் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2017இல் செய்தி வந்தது. 2020இல் சமரசமாக முடிந்தது.

நட்பு நாடு வழக்குப் போடுமா என்று சிலர் கேட்கலாம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. கணக்கைப் பேசித் தீர்க்க ஓர் இடம் இருப்பதே நல்ல உறவுதான். சண்டை நடந்தபோதும் ஒரகடத்தில் கார் தயாரிப்பு நிற்கவில்லை. (2025இல் நிசான் அந்த ஆலையில் இருந்த தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டது. அது வேறு கதை.)

தூதர் இல்லாத தீவு

இப்போது தைவான். அந்நாட்டின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் முதலில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது நோக்கியாவின் கூடவே. 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஃபாக்ஸ்கானும் பாகங்கள் செய்தது. அடுத்த வருஷங்களில் வரிப் பிரச்சினை, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா ஆலை மூடப்பட்டது. வாங்குகிறவனே போய்விட்ட பிறகு விற்கிறவன் என்ன செய்வான்? அந்த வருஷம் முடிவதற்குள் ஃபாக்ஸ்கானும் அங்கே வேலையை நிறுத்திவிட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த டெக்ஸ்ட் புக்கிலும் கிடைக்காது. நாடுகளின் நட்பும் இப்படி ஒரே கயிற்றில் தொங்கினால் அதே கதிதான்.

பிறகு ஃபாக்ஸ்கான் திரும்பி வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அதன் ஆலையில் 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிப்பு தொடங்கியது. இடையில் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 2011இலும், புதுப்பிக்கப்பட்ட முதலீட்டு ஒப்பந்தம் 2018 டிசம்பரிலும் கையெழுத்தாகியிருந்தன. கையெழுத்துப் போட்டவை இரண்டு அரசுகள் இல்லை, மேலே சொன்ன அந்தச் சங்கமும் மையமும்தான்! அங்கீகாரம் இல்லாத இடத்தில்கூட, மனசு இருந்தால் பேப்பர் வேலை நடக்கும்.

2021 டிசம்பர்

அந்த ஆலையின் வேலையாட்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளிமாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பி தங்கையைப் படிக்க வைப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

2021 டிசம்பரில் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூடத் தங்கியிருந்தவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பனி கொட்டும் மார்கழி ராத்திரியில், விடிந்து அடுத்த நாளும் போராட்டம் நடந்தது. சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ காலில் காட்டி, உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது.

ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல் சமையலறையில் எலி இருந்ததை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி ஆலை திறந்தது.

கெட்டுப்போன சாப்பாடு ஒரு காரணம். ஆனால் அவர்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான். வார்டன் காண்ட்ராக்டரைக் கேட்பார், காண்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனியின் தலைமை அலுவலகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சொல்லை இன்னொரு பக்கத்துக்குச் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்தான் தூதர். டில்லிக்கும் தைபேக்கும் நடுவே அந்த வேலையைச் செய்ய மையம் இருந்தது. ஹாஸ்டலுக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் நடுவே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு

மாற்றம் வரவில்லை என்று சொல்ல முடியாது. 2024 குடியரசு தினத்தையொட்டி ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவுக்கு இந்திய அரசு பத்மபூஷண் அறிவித்தது. தூதர் அந்தஸ்தே கொடுக்க முடியாத நாட்டுக்காரருக்குப் பத்ம விருது! அதே வருஷம் ஆகஸ்ட் 17ஆம் தேதி, வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். சுமார் 700 கோடி ரூபாயில் சிப்காட் கட்டியது. யங் லியுவும் விழாவுக்கு வந்திருந்தார். 18,720 பேர் என்றால் ஒரு சின்ன டவுனின் ஜனத்தொகை. தேசிய நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் உட்காராமல் இருந்திருந்தால், தங்குமிடம் என்ற விஷயம் இவ்வளவு பேசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்கள் தைவானுக்குப் போய் வேலை செய்யவும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதுவரை தீவு இங்கே வந்தது. இனி இங்கிருப்பவர்கள் தீவுக்குப் போகலாம். அங்கே போகிறவருக்கும் அதே கேள்விகள் இருக்கும். சாப்பாடு எப்படி, தங்குமிடம் எப்படி, உடம்பு சரியில்லாமல் போனால் யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது?

2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தைவானோடு வைத்திருக்கும் உறவில் சீனா எப்போதும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தத் தூதராலும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

ஆனால் மாற்றக்கூடியவை இருக்கின்றன. டோக்கியோவிலிருந்தோ தைபேயிலிருந்தோ அடுத்து வரும் புதியவர் இந்தப் பக்கம் வந்தால், ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள். சால்வை போடுவார்கள். அது நடக்கட்டும். அதன் பிறகு ஓர் அரைமணி நேரம், ஷிப்ட் முடிந்து வரும் பெண்களோடு ஹாஸ்டல் கேன்டீனில் உட்கார்ந்து, அங்கே போடும் அதே சாம்பார் சாதத்தைச் சாப்பிடலாம். கூட ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் போதும். வடாபாவுக்குக் கிடைத்த கைதட்டல் அதற்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர் ஊருக்கு அனுப்பும் அறிக்கையில், எந்தக் கொட்டிலிலும் பார்க்க முடியாத நாலு விஷயம் இருக்கும்.