முன்கை வீச்சு

ஜார்ஜ் டவுனில் பிற்பகல் மழை ஓய்ந்ததும், தண்ணீர்மலைப் பக்கத்து டென்னிஸ் திடலொன்றுக்கு நான்காம் படிவ மாணவன் ஒருவன் நாள்தோறும் வந்துவிடுவான். மட்டையை முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் இழுத்து, உள்ள வலுவையெல்லாம் திரட்டி வீசுவான். ஈரத்தில் ஊறிக் கனத்த பந்து வலையில் விழும். இல்லையேல் கோட்டைக் கடந்து கம்பிவேலியில் மோதும். மெலிந்த உடம்பினன். “உனக்குத் தோளில் வலுவில்லை, வேறு விளையாட்டைப் பார்” என்றனர் உடன் ஆடுவோர். பள்ளி அணிக்கான தேர்வோ அடுத்த வாரம்.

இதைக் கண்ட அவனுடைய தமிழாசிரியர், இளமையில் ஓரளவு ஆடியவர்; இராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தந்தை டி. கே. இராமநாதனிடம் ஆட்டம் பயின்ற அத்தமிழர், 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதி வரை முன்னேறினார். இடிபோன்ற அடி அவரிடம் இருந்ததில்லை. தொடுதலின் நயமே அவர் படைக்கலம். மகன் ரமேஷும் அவ்வழியினரே. 1989இல் ஆஸ்திரேலியப் போட்டியின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராயிருந்த மாட்ஸ் விலாண்டரை ஒரு செட்டும் இழக்காமல் வீழ்த்தினார். அவருடைய முன்கை வீச்சு மிகக் குறுகியது. பந்து எழும்பும்போதே அதை எதிர்கொண்டுவிடுவார்.

மட்டையின் நரம்புகளில் பந்து தங்குவது ஒரு நொடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே. அதற்குள் கை எதைத் திருத்திவிட முடியும்? செய்ய வேண்டியதெல்லாம் முன்னரே முடிந்திருக்க வேண்டும். எதிராளியின் மட்டையை விட்டுப் பந்து புறப்பட்டவுடன் தோள் திரும்ப வேண்டும். பந்து தரையைத் தொடுமுன் மட்டை ஆயத்தமாக வேண்டும். உடலுக்குச் சற்று முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். மாணவனின் குறை தோளில் இல்லை, காலத்தில் இருந்தது. இக்கால ஆட்டக்காரர்கள் கீழிருந்து மேலாக மட்டையைச் சுழற்றிப் பந்துக்குக் கடுஞ்சுழற்சி தருகின்றனர் என்பது உண்மைதான். கிருஷ்ணன் ஆடிய தட்டையான வீச்சு இன்று அருகிவிட்டது. ஆயினும் அவர்களும் தோளை முதலில் திருப்பத் தவறுவதில்லை.

ஆசிரியர் அவனைச் சுவரையொட்டி, முதுகு ஏறக்குறைய அதில் படும்படி நிற்கவைத்தார். மட்டையை மிகுதியாகப் பின்னிழுத்தால் சுவர் தட்டும். பந்துகளை ஒவ்வொன்றாய்த் தாமே எறிந்தார். முதல் மாலை சுவரின் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. மூன்றாம் மாலை தட்டும் ஓசை குறைந்தது. பந்துகள் வலையைக் கடந்து கோட்டுக்குள் விழலாயின.

தேர்வில் அவனுக்கு மாற்று ஆட்டக்காரனுக்குரிய இடமே கிடைத்தது. மறுநாளும் திடலுக்கு வந்தான்.

“ஐயா, இப்போது பின்கை வீச்சுதான் வலையில் விழுகிறது” என்றான்.

ஆசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பந்துக்கூடையை எடுத்தார்.