மலைக்குப் பொறுப்பாகப் போகும் மருமகளுக்கு

கொட்டகலை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் உனக்கு வெளிக்கள உத்தியோகத்தர் வேலை கிடைத்ததைச் சொல்லும்போது உன் அம்மாவுக்குப் பாதி அழுகை, பாதி சிரிப்பு. லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் பிறந்த பெண்பிள்ளை ஒரு டிவிஷனுக்குப் பொறுப்பாகப் போகிறாள் என்றால் சும்மாவா? வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். இது நீ கேட்ட கேள்விக்குப் பதில். நுவரெலியா ஹோட்டலில் வைத்துத் தலைமைத்துவம் பற்றி வகுப்பு நடத்தினார்களாம், திரையில் படமெல்லாம் போட்டுக் காட்டினார்களாம். "காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் இது எதுவும் உதவுமா மாமா?" என்று கேட்டாய். கொஞ்சம் உதவும். ஆனால் அந்த வகுப்பு எடுத்தவர்களுக்குத் தோட்டத்துக் கதை தெரிந்திருக்காது.

நம் ஆட்களுக்கு முதலில் தலைவராக இருந்தவர் பெரிய கங்காணி. திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களில் இருந்து ஆட்களைத் திரட்டிக் கூட்டி வந்தவர். அவருக்கும் அவருக்குக் கீழே இருந்த சில்லறைக் கங்காணிகளுக்கும் வருமானம் எதிலிருந்து வந்தது என்று யோசித்துப் பார். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இத்தனை சதம். பெரட்டுக் களத்தில் நூறு பேர் நின்றால் லாபம். அந்த நூறு பேரில் ஒருவன் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் திறமையாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் கங்காணிக்கு ஒரு சதம்கூட அதிகம் வராது. ஆள் கடனில் கிடந்தால் அவன் வேறு தோட்டத்துக்கு நகர மாட்டான், அது இன்னும் வசதி. கடனை எழுதி ஆளை இடம் மாற்றும் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். தலையை எண்ணுவதுதான் மேற்பார்வை என்ற பழக்கத்தை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. தலைக்குப் பதிலாக இப்போது கிலோ. எண்ணுகிறவருக்குச் சம்பளம் உண்டு, கற்றுக்கொடுக்கிறவருக்கு என்று எதுவும் கிடையாது. உன் தொல்லை முழுவதும் இங்கேதான் இருக்கிறது, மகள்.

உன் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனம் தொடங்கியது 1925இல். ஒரு தேயிலைச் செடிக்கு எத்தனை அடி இடைவெளி, எந்த உரம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து என்று நூறு வருடமாகப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே செடியில் முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெண் சேர்ந்த அன்றைக்கு என்ன வேலையில் இருந்தாளோ அதே வேலையில் இருந்துதான் ஓய்வு பெறுகிறாள். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது, பெரிய காரியம்தான். ஆனாலும் ஆண் மத்தியானத்தோடு கவ்வாத்தையோ புல்லுவெட்டையோ முடித்துவிட்டு லயத்துக்குப் போகிறான். பெண் நாலு, நாலரை வரை மலையில். அவளுக்கு மேலே நிற்கிற கங்காணியும் பெரும்பாலும் ஆண்தான்.

2021ஐ மறந்துவிடாதே. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதும் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவை, பதினெட்டுக் கிலோவாக இருந்த அந்த நோர்மை, பல தோட்டங்களில் இருபதுக்கும் மேலே ஏற்றினார்கள். அதே வருடம் இரசாயன உரத்துக்கும் தடை. செடி பட்டினி கிடந்தது. நாடு முழுவதும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை அடுத்த வருடம் 25 கோடிக்கு இறங்கிவிட்டது. கொழுந்து இல்லாத மலையில் நோர்ம் எடுக்கவில்லை என்று அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போட்டால், அந்தப் பெண் உன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? ஹோட்டல் வகுப்பில் நம்பிக்கை, நம்பிக்கை என்று நிறையச் சொல்லியிருப்பார்கள். தோட்டத்தில் அது தராசடியில்தான் உண்டு, அல்லது இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறாய் என்பதை நிறுக்கும்போதே வாய்விட்டுச் சொல். தராசு முள்ளோ எண்ணோ, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் திருப்பி வை. இதற்கு ஆபீசில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மூத்த பெண்களுக்குக் கொழுந்தெடுக்கக் கற்றுக்கொடுக்கப் போகாதே, சிரிப்பார்கள். எந்தச் சரிவில் மழைக்குப் பிறகு கொழுந்து முந்தும், எந்த மலையில் கொழுந்தெடுக்கும் சுற்றைத் தள்ளினால் முற்றின இலை கூடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேள். கேட்டதை நோட்டில் எழுதிக்கொள், அவர்கள் பார்க்க எழுது. உன் வேலை இளைய பிள்ளைகளிடம். சாதாரண தரம் பாஸாகி, உயர்தரம் படிக்க வசதியில்லாமல் கூடை தூக்கிய பிள்ளைகள் உன் பெரட்டில் கட்டாயம் இருப்பார்கள்.

என்னைக் கணக்கப்பிள்ளை ஆக்கியது எந்த வகுப்பும் இல்லை. ஒரு பழைய கணக்கப்பிள்ளை ஒருநாள் வருகை எழுதும் செக்ரோலை என் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ பேர் போடு தம்பி, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். நின்றார், ஆனால் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் பிழைகளை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார், ஏன் பிழை என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். நீயும் அப்படிச் செய். இரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடு, நிறுவைப் புத்தகத்தை ஆளுக்கொரு கிழமை கொடு. உறவுக்காரப் பிள்ளையை முதலில் எடுக்காதே, லயத்தில் பேச்சு ஒரு நாளில் பரவும். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத்திலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வை, பிறகு அவர்களே உனக்குத் துணை.

தோட்டத்து மனேஜர் துரை ஒன்று சொல்வார், எல்லாத் துரைமாரும் சொல்வதுதான்: "கற்றுக் கொடுத்தால் கொழும்புக்கு ஓடிவிடுவார்கள்." கற்றுக் கொடுக்காமலே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? கார்மென்ட்ஸுக்கு, புறக்கோட்டைக் கடைகளுக்கு, வெளிநாட்டு வீட்டு வேலைக்கு. ஹட்டன் பஸ் நிலையத்தில் பொங்கல் முடிந்த மறுநாள் போய் நின்று பார்க்கச் சொல். போகிற பிள்ளைகள் சம்பளத்துக்காக மட்டும் போகவில்லை. அம்மா எங்கே நின்றாளோ அங்கேயே தானும் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரைப் பழக்கி ஒருத்தி போனாலும் மற்றவள் கங்காணியாக மலையில் நிற்பாள், அதைப் பார்த்து மூன்றாவது பிள்ளை யோசிக்கும். போனவளும் கணக்கெழுதத் தெரிந்துதானே போகிறாள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. கம்பெனிக்கு இருக்கலாம்.

அத்துருகிரியவில் இருக்கும் தேசியப் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனத்தில் தோட்டத்து உத்தியோகத்தர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி நடத்துகிறார்கள். அடுத்த முறை எப்போது என்று ஆபீசில் கேட்டு வை. ஒரு பிள்ளையின் பேரைத் துரையிடம் எழுத்தில் கொடு, வாயால் சொன்னால் மறந்துவிடுவார். விண்ணப்பம் இங்கிலீசில் இருந்தால் பிள்ளை பயப்படும், உனக்கும் நேரம் இருக்காது. வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. எப்படி நிரப்புவது என்று நான் தமிழில் எழுதித் தருகிறேன், அவள் தன் கையாலேயே நிரப்பட்டும்.

அன்புடன்,
உன் மாமா