பாசறைக்கு விறகு

கோடை விடுமுறையில் எங்கள் பங்கு இளைஞர்கள் கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில் மூன்று நாள் பாசறை அமைப்பது வழக்கம். அரிசி பருப்புக்குப் பொறுப்பேற்கப் பலர் முன்வருவர். விறகுக்கு எவரும் வருவதில்லை. ஆகவே அப்பணி சில ஆண்டுகளாக என்னிடமே இருந்துவருகிறது. "மலையடிவாரத்தில் விறகுக்கா பஞ்சம்? போன இடத்தில் பொறுக்கிக்கொள்ளலாமே!" என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒரு தந்தையார் கேட்கத் தவறுவதில்லை.

பொறுக்கலாகாது என்பதே என் விடை. தோட்ட வேலிக்கு அப்பால் காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி, அனுமதியின்றி அங்கே மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்கட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டனர். கோடையில் காய்ந்து கிடக்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். எனவே விறகு ஊரிலிருந்தே செல்லவேண்டும்.

மே மாதப் பாசறைக்கு ஆயத்தம் தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்கிவிடும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. அந்நீர் ஆவியாகித் தீருமட்டும் சூடு பானைக்குச் சேராது, புகையே மிஞ்சும். மரத்தைப் பிளந்து, தரையில் படாமல் இரு கழிகளின்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மாசி பங்குனி வெயிலில் காயவிடுகிறோம். பிளக்காத கட்டையில் பட்டைக்குள் ஈரம் பதுங்கியே கிடக்கும். இரு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்னும், காயாதது மொத்தென்னும்.

சீமைக்கருவேலம் நம் ஏரிகளைப் பாழாக்கிய மரந்தான். ஆயினும் அடுப்புக்கு உகந்தது. முள்ளைச் சீவுகிறவர் கைதான் பாவம்! புளி நின்று எரியும். முருங்கையும் இலவும் பொசுக்கென்று எரிந்து ஓய்ந்துவிடும். பற்றவைக்கத் துவரை மிளாரும் தென்னம்பாளையும் காய்ந்த மரவள்ளிக் குச்சியும் உண்டு. ஜவ்வரிசி ஆலைகள் மலிந்த நம் பகுதியில் மரவள்ளிக் குச்சிக்குக் குறைவேது? அரளியை மட்டும் தொடவே கூடாது. நெடுஞ்சாலை நடுவே கழித்துப் போட்டிருப்பதைக் கண்டு இளைஞர்கள் ஆசைப்படுவர். அதன் புகையும் நஞ்சு. அக்குச்சியால் குழம்பைக் கிளறுவதும் ஆபத்து.

ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்பது எங்கள் கணக்கு. 40 பேருக்கு மூன்று நாளுக்கு 120 கிலோ. கோடை மழையை எண்ணி இன்னும் 30 கிலோ. அதில் ஒரு கட்டு தார்ப்பாயில் பொதிந்தபடியே இருக்கும்.

எரிவாயு உருளை கொண்டுபோனால் தொல்லையில்லை என்போரும் உளர். உண்மைதான். ஆயினும் விறகடுப்பையே கண்டிராத பிள்ளைகள், முதல் நாள் ஊதுகுழலோடு கண்கலங்கி, மூன்றாம் நாள் தாமே உலைவைத்துச் சோறு வடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்!

புறப்படுமுன் தணலில் நீரூற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்போம். மேலே ஆறினாலும் அடியில் கனல் விடியும்வரை உயிரோடிருக்கும். கை சுடாதபின்னரே வண்டியில் ஏறுவோம்.